ஒரு தோடு, இரண்டு பதிவேடுகள்: பந்தலூர் எல்லைக் கடைவீதியில் மூன்று ஆண்டுகள்

பந்தலூர் வட்டத்தின் கேரள எல்லையில் உள்ள ஒரு கடைவீதியில் 2022 ஜூன் முதல் 2025 ஜூன் வரை நடந்தவற்றின் பதிவு இது: ஒரு ஓடை அடைத்துக் கிணறு கெட்டு மஞ்சள் காமாலை வந்ததும், அதைத் தடுக்க இரண்டு மாநிலத்தாரும் சேர்ந்து செய்ததும். அப்போது நான் அந்தப் பகுதியில் குடிநீர், சுகாதார வேலை பார்த்த ஒரு சிறு தன்னார்வக் குழுவில் களப்பணியாளன். ஊர்ப்பெயரையும் ஆட்களின் பெயரையும் விட்டுவிட்டேன். எல்லையோரத்தில் இப்படிப்பட்ட கடைவீதிகள் இன்னும் உண்டு. அங்கே வேலை செய்பவர்களுக்கு உதவ வேண்டும் என்பதால், எங்களுக்குத் தவறியவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

இடமும் பின்னணியும்

நீலகிரி என்றால் ஊட்டியை நினைத்துக்கொள்பவர்களுக்குக் கூடலூர், பந்தலூர் பக்கம் வேறு நாடு போலத் தெரியும். தென்மேற்குப் பருவமழை நேராக வந்து மோதும் சரிவு இது. அருகிலிருக்கும் தேவாலாவைத் தென்னிந்தியாவின் சிரபுஞ்சி என்பார்கள். ஜூனில் பிடித்தால் செப்டம்பர் வரை வீட்டுக்குள் கட்டிய கொடியில்கூடத் துணி காயாது.

எல்லைக்கோடு பழையதல்ல. தென்கிழக்கு வயநாடு என்று மலபாரோடு இருந்த இந்தப் பகுதி 1877-இல் நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. அதற்குப் பிறகும் இரண்டு பக்கமும் ஒரே சென்னை மாகாணம்தான். 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்கள் பிரிந்தபோதுதான் அது மாநில எல்லை ஆயிற்று. கல்யாணம், சந்தை, ஆஸ்பத்திரி எதுவும் அந்தக் கோட்டைப் பார்த்து நடப்பதில்லை. காய்ச்சல் கண்டால் கேரளத்து வயநாட்டில் இருக்கும் சுல்தான் பத்தேரிக்கு பஸ் ஏறுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர்.

இந்தக் கடைவீதியில் தார்ச்சாலையே எல்லை. கிழக்குப் பக்கக் கடைகள் தமிழ்நாடு, மேற்குப் பக்கக் கடைகள் கேரளம். கிழக்கே தேயிலைச் சரிவில் ஊறி வரும் ஓடையை இங்கே தமிழர்களும் ‘தோடு’ என்றுதான் சொல்வோம். அது தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளின் கொல்லைப்புறமாக இறங்கி, சாலைக்கு அடியில் பதித்த ஒற்றை சிமெண்ட் குழாய் வழியாகக் கேரளப் பக்க வயலில் போய் விழும். வயலோரத்தில் பணியர் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. ‘காலனி’ என்ற சொல்லைப் பழங்குடிக் குடியிருப்புகளுக்குப் பயன்படுத்துவதைக் கேரள அரசு 2024 ஜூனில் நிறுத்திவிட்டது. நானும் ‘ஊர்’ என்றே எழுதுகிறேன். அந்த ஊரின் தலைமாட்டில் பஞ்சாயத்துப் பொதுக்கிணறு. மேட்டுக் குழாயில் தண்ணீர் வராத நாட்களில் லைன் வீட்டுப் பெண்களும் குடத்தோடு சாலையைக் கடந்து அந்தக் கிணற்றுக்குத்தான் போவார்கள்.

லைன் வீடுகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் 1964-இன் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். வீடுகளின் பின்னால் இருக்கும் கழிப்பறைகளுக்கு வளையம் இறக்காத ஒற்றைக் குழி. இவற்றைச் சரியாகக் கட்டித் தர முடியாததற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. ஜென்மம் என்ற பழைய பரம்பரை நில உடைமையை ஒழிக்க, கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டம் 1969-இல் வந்தது. அதன் 17-ஆம் பிரிவில் சிக்கிய நிலங்களின் உரிமை பல பத்தாண்டுகளாக இழுபறியில் கிடக்கிறது. ‘செக்‌ஷன் 17 நிலம்’ என்று ஒரு கோப்பில் எழுதிவிட்டால் மின் இணைப்பு முதல் கழிப்பறை வரை எல்லாம் அந்த வரியிலேயே நின்றுவிடும்.

2022 மழைக்காலம்: கண்ணில் பட்டவை

ஜூலை முதல் வாரத்தில் ஒரு ராத்திரி சாலைக் குழாய் அடைத்துக்கொண்டது. தண்ணீர் கிழக்கே தேங்கி, லைன் வீட்டுக் கழிப்பறைக் குழிகளின் வாய்க்கு மேல் ஏறி, பிறகு சாலையையே தாண்டி வயலில் இறங்கியது. விடிந்தபோது கிணற்றைச் சுற்றிச் சேறு. கிணற்றின் கைப்பிடிச்சுவர் முழங்கால் உயரம்கூட இல்லை.

மறுநாள் குழாயைக் குத்தி எடுத்தபோது நானும் நின்றிருந்தேன். வாழைத்தண்டு, குழந்தைகளுக்குக் கட்டும் டயப்பர், பால் பாக்கெட்டுகள், கோழிக்கடை இறகு மூட்டை, கைப்பிடி அறுந்த ஒரு பள்ளிக்கூடப் பை. பாக்கெட்டுகளில் பாதி தமிழ் எழுத்து, பாதி மலையாள எழுத்து. அந்தக் குவியலைச் சுற்றி நின்றவர்கள் தங்கள் மொழியல்லாத பாக்கெட்டை மட்டும் எடுத்து எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

குப்பை ஏன் அங்கே சேர்ந்தது என்பதற்கு இரண்டு பக்கமும் காரணம் உண்டு. கேரளத்தில் ஹரித கர்ம சேனைப் பெண்கள் வீடுவீடாக, கடைகடையாகப் பிளாஸ்டிக்கை எடுக்கிறார்கள். அதற்கு மாதக் கட்டணம் உண்டு. கட்டணம் கொடுக்க மனமில்லாத சிலர் பையைச் சாலைக்கு இந்தப் பக்கம் வைத்துவிடுவார்கள். எங்கள் பக்கம் தூய்மைக் காவலர்கள் கட்டணம் கேட்பதில்லை, ஆனால் வண்டி தினமும் வராது. வராத நாளில் தோடுதான் தொட்டி. நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்து 20 ஆண்டுக்கு மேலாகிறது. தமிழ்நாடு முழுவதும் 2019 ஜனவரி 1, கேரளத்தில் 2020 ஜனவரி 1. தேதிகள் வேறு வேறாக இருந்த காலத்தில் சாலையைக் கடந்து பை வாங்கி வந்த பழக்கம், தடை இரண்டு பக்கமும் வந்த பிறகும் போகவில்லை.

ஆடிப் பதினெட்டு முடிந்த கையோடு மஞ்சள் காமாலை தொடங்கியது. கண் மஞ்சள், சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், நாட்டு வைத்தியரிடம் போனார்கள். கொஞ்சம் பேர் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

பட்டியல்களைச் சேர்த்துப் பார்த்தது

எங்கள் பக்கத்துக் கிராம சுகாதாரச் செவிலியரின் நோட்டில் மூன்று பேர். கேரளப் பக்கத் துணை மையச் செவிலியரின் பதிவேட்டில் ஐந்து பேர், எல்லாரும் பணியர் ஊர். இரண்டு இடத்திலும் அதை ‘மழைக்கால வழக்கம்’ என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, தனித்தனியாகப் பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

எங்கள் செவிலியருக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது. ஒரு தடுப்பூசி நாளில் லைன் வீட்டுப் பெண் ஒருத்தி, “எங்க வீட்டுக்காரர் பத்தேரியில அட்மிட் ஆகியிருக்காரு மேடம்” என்று சொன்னாள். அவர் பெயர் எங்கள் நோட்டில் இல்லை. வயநாட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்த தமிழ்நாட்டு முகவரிக்காரர் என்பதால் அங்கே ‘வெளி மாநிலம்’ என்ற குறிப்போடு நின்றுவிட்டார். விசாரித்தால் அப்படி இன்னும் மூன்று பேர். இந்த நான்கு பேரும் எந்தத் துணை மையத்தின் கணக்கிலும் இல்லை.

இரண்டு செவிலியர்களும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நோட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். பன்னிரண்டு பேர். ஒருவரைத் தவிர எல்லாரும் அந்தக் கிணற்றுத் தண்ணீர் குடித்தவர்கள். ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் ஏ என்று வந்திருந்தது. அந்தக் கிருமி உடலுக்குள் போய் நோயாக வெளிப்பட 15 முதல் 50 நாள் ஆகும், சராசரி 28 நாள். செவிலியர் காலண்டரில் விரல் வைத்துப் பின்னோக்கி எண்ணினார். விரல் குழாய் அடைத்த வாரத்தில் வந்து நின்றது.

கிணற்றுத் தண்ணீரைச் சிறு குப்பியில் பிடித்து வைக்கும் ஹைட்ரஜன் சல்பைடு சோதனையைச் செய்தோம். மலக்கிருமி இருந்தால் தண்ணீர் கறுக்கும். சாயங்காலம் வைத்த குப்பியை மறுநாள் காலை எடுத்தபோது டிகாக்‌ஷன் போலக் கறுத்திருந்தது. அதை நான் பஞ்சாயத்து அலுவலக மேசையில் வைத்தேன். அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

முதல் கூட்டம்

செப்டம்பரில் கேரளப் பக்க நூலகக் கட்டடத்தில் கூடினோம். எங்கள் ஊராட்சித் தலைவர், அந்தப் பக்க வார்டு மெம்பர், இரண்டு செவிலியர்கள், கடைக்காரர்கள், லைன் வீட்டார் சிலர். முதல் ஒரு மணி நேரம் முழுக்க யார் குப்பை என்பதிலேயே போயிற்று. கேரளக் கடைக்காரர் ஒருவர் செல்போனில் போட்டோ காட்டினார். இந்தப் பக்கத்தவரும் காட்டினார்.

எங்கள் செவிலியர் எழுந்து, “குப்பைச் சண்டையை அப்புறம் வெச்சுக்கங்கண்ணே. குழாய் உங்க ரெண்டு பேருக்கும் பொது. குழி எங்க பக்கம், கிணறு அவங்க பக்கம். இதுல ஒண்ணு சரியா இருந்திருந்தாலும் இத்தனை பேர் படுத்திருக்க மாட்டாங்க” என்றார். அதற்குப் பிறகுதான் கூட்டம் வேலைக்கு வந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

கூட்டு ஒப்பந்தம் போடலாம் என்று முதலில் நினைத்தோம். இரண்டு மாநிலத்துக்கும் பஞ்சாயத்துச் சட்டம் 1994-இல்தான் வந்தது, இரண்டும் 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின் பிள்ளைகள். ஆனால் ஒரு ஊராட்சி தன் எல்லைக்கு வெளியே ஒரு ரூபாய் செலவு செய்தால் தணிக்கையில் மாட்டிக்கொள்ளும். மாநிலத்துக்கு மாநிலம் என்று கோப்பைக் கிளப்பினால் அது சென்னைக்கும் திருவனந்தபுரத்துக்கும் போய்த் திரும்புவதற்குள் எத்தனை மழை பெய்யுமோ தெரியாது. அதனால் வேறு வழி எடுத்தோம். ஒரே வாசகத்தைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, அவரவர் தீர்மானப் புத்தகத்தில் அவரவர் எல்லைக்குள் செய்ய வேண்டியதாக ஏற்றுவது. எங்கள் பக்கம் அது 2022 நவம்பர் 1 கிராம சபையில் ஏறியது. உள்ளாட்சி நாள் என்று அந்தத் தேதியில் கிராம சபை நடக்கத் தொடங்கிய முதல் வருடம் அது. அந்தப் பக்கம் கேரளப் பிறவி தினம். 66 வருடத்துக்கு முன் பிரித்த அதே தேதியில் சேர்ந்து ஒரு வேலை செய்கிறோம் என்று தலைவர் சொன்னபோது சபையில் கைதட்டினார்கள்.

குழாயின் மேல் வாயைத் தமிழ்நாட்டுப் பக்கமும் கீழ் வாயைக் கேரளப் பக்கமும் மாதத்தின் முதல் சனிக்கிழமை ஒரே நேரத்தில் சுத்தம் செய்வது என்று வைத்தோம். ஒரு பக்கம் மட்டும் குத்தினால் அடைப்பு நடுவில் போய் இறுகும், அதனால்தான் ஒரே நேரம். குப்பை வண்டி இரண்டு பக்கமும் ஒரே கிழமைகளில் வர ஏற்பாடு ஆயிற்று. கழிப்பறைக் குழிகளைப் புதிதாகக் கட்ட நிலப் பிரச்சினை விடவில்லை. அதனால் இருக்கும் குழிகளுக்கு சிமெண்ட் வளையம் இறக்கி, வாயை வெள்ள மட்டத்துக்கு மேல் உயர்த்தினோம். பழுதுபார்ப்பு என்ற தலைப்பில் அதற்கு வழி கிடைத்தது. கிணற்றுக்குக் குளோரின் போடுவது கேரளச் செவிலியரின் பொறுப்பு.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பட்டது திங்கள்கிழமைப் பட்டியல். இரண்டு செவிலியர்களும் வாரம் ஒருமுறை காய்ச்சல், காமாலை, வயிற்றுப்போக்குக் கணக்கைப் போனில் பரிமாறிக்கொள்வார்கள். ஆள் பெயர் கிடையாது. எந்த வரிசை வீடு, எந்தக் கிணறு, எப்போது தொடங்கியது, இவ்வளவுதான். பெயர் இல்லாததால் இதற்கு மேலிடத்து அனுமதி என்ற பேச்சே எழவில்லை.

கம்பித் தடுப்பு

2023 மே மாதம் குழாயின் மேல் வாய்க்கு முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பு வைத்தோம். குப்பை குழாய்க்குள் போகாமல் வெளியிலேயே நிற்கும் என்பது கணக்கு. நான்கு விரல் இடைவெளி போதும் என்று சொன்னது நான்.

ஜூன் கடைசியில் ஒரு ராத்திரி இரண்டு மணிக்குப் போன் வந்தது. வாழையிலையும் புல்லும் கம்பியில் ஒட்டிச் சுவர் மாதிரி ஆகி, முன்பைவிட வேகமாகத் தண்ணீர் ஏறி, மூன்று லைன் வீடுகளுக்குள் புகுந்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு பாட்டி கட்டில் மேல் உட்கார்ந்து, பேத்தியின் பாடப்புத்தகங்களை மடியில் வைத்திருந்தார். ரேஷன் அரிசி மூட்டை நனைந்து கிடந்தது. “நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க தம்பி” என்றார். அந்த வார்த்தையை இன்றும் மறக்க முடியவில்லை. குப்பை பிளாஸ்டிக் மட்டும் என்று நினைத்து, மலைச்சரிவில் மழைத்தண்ணீர் இலைதழையையும் அள்ளிக்கொண்டு வரும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. லைன் வீட்டாரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

அந்த வாரமே ஒன்றுவிட்டு ஒன்று கம்பியை வெட்டி எடுத்தோம். நேராக நின்ற தடுப்பைச் சாய்வாக மாற்றினோம். சாய்ந்த கம்பியில் சருகு தண்ணீரோடு மேலேறி ஒதுங்கும், அடியில் வழி இருக்கும். கடைசி லைன் வீட்டு இளைஞர் ஒருவர் நீளப் பிடி போட்ட வாரியை வாசலிலேயே வைத்துக்கொண்டு, மழை ராத்திரியில் எழுந்து பார்க்க ஒப்புக்கொண்டார். அவருக்கு இரண்டு பக்கக் கடைக்காரர்களும் சேர்ந்து மாதாமாதம் ஒரு தொகை கொடுக்கிறார்கள். நனைந்த வீடுகளுக்கு அரிசியும் பாயும் எங்கள் குழு வாங்கிக் கொடுத்தது.

பிளீச்சிங் பவுடரிலும் ஒன்று கற்றோம். 1,000 லிட்டர் தண்ணீருக்கு நல்ல பவுடர் 2.5 கிராம் என்பது பொதுக் கணக்கு. போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்ச வேண்டும். எங்களுக்கு மிஞ்சவே இல்லை. செவிலியர் கணக்கு சரி, மூட்டைதான் தவறு. இந்த மழையில் வாய் திறந்து கிடந்த மூட்டையின் வீரியம் ஈரத்தில் போய்விட்டிருந்தது. மூடி போட்ட வாளிக்கு மாற்றிய பிறகு குளோரின் காட்டியது.

நடக்காமல் போனது கோழிக்கழிவு. எல்லைக்கு அந்தப் பக்கம் கோழிக்கழிவை எடுத்துப் பதப்படுத்தும் ஆலைகளின் வண்டி வருகிறது, இந்தப் பக்கம் இல்லை. இங்குள்ள இரண்டு கடைகளின் கழிவையும் அதே வண்டியில் ஏற்றலாம் என்று பேசி முடித்தோம். கழிவு மாநில எல்லையைத் தாண்டக் கூடாது என்று சோதனைச்சாவடியில் நிறுத்திவிட்டார்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, அந்த விதி இல்லாவிட்டால் தினம் எத்தனை லாரி வரும்! ஆனால் சாலையைக் கடக்கப் பன்னிரண்டு எட்டு வைத்தால் போதும். குழி வெட்டிப் புதைத்துப் பார்த்தால் காட்டுப்பன்றி தோண்டுகிறது. இது இன்றுவரை தீரவில்லை.

2024: நிலச்சரிவும் அதற்குப் பிறகும்

2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை நிலச்சரிவு. கேரளப் பக்கத்து மெம்பரும் சேனைப் பெண்களும் செவிலியரும் நிவாரண முகாம்களுக்குப் போய்விட்டார்கள். ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை கீழ் வாயைச் சுத்தம் செய்ய ஆளில்லை. எங்கள் தூய்மைக் காவலர்களை அங்கே அனுப்பினால் விதிமீறல். மெம்பர் போனில், “அண்ணா, நீங்களே எடுத்துடுங்க, இங்க ஒண்ணும் முடியல” என்றார். அன்று ஊராட்சி ஆட்களாக அல்லாமல், லைன் வீட்டு இளைஞர்களும் கடைக்காரர்களும் தாங்களாகவே வயலில் இறங்கி எடுத்தார்கள். மதியம் பணியர் ஊரிலிருந்து கட்டன் சாயா வந்தது.

டிசம்பரில் கேரளத்து மருத்துவக் கழிவு திருநெல்வேலியில் கொட்டப்பட்ட விவகாரம் வெடித்தது. பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட, கேரளம் லாரி அனுப்பி அள்ளிச் சென்றது. அந்த உத்தரவு சரியானது, தேவையானது. ஆனால் அதன் சூடு எங்கள் கடைவீதியிலும் அடித்தது. ஒரு வாரம் பழைய பேப்பர் வண்டியைக்கூட நிறுத்திச் சோதித்தார்கள், கடைக்காரர்களுக்குள் பழைய பேச்சு திரும்ப எழுந்தது. இரண்டு ஆண்டு சேர்ந்து குழாய் குத்தியிருந்ததால் அது பேச்சோடு நின்றது என்று நினைக்கிறேன்.

2025 ஜனவரி 5-இல் எங்கள் ஊராட்சித் தலைவரின் பதவிக்காலம் முடிந்தது. தனி அலுவலர் பொறுப்பேற்றார். அவருக்குப் பல ஊராட்சிகள், எங்கள் காலாண்டுக் கூட்டம் நின்றுபோயிற்று. தீர்மானம் புத்தகத்தில் இருக்கிறது, எடுத்துப் படிக்க ஆளில்லை. திங்கள்கிழமைப் பட்டியல் மட்டும் ஒரு வாரமும் விடவில்லை. குழாய் சுத்தம் செய்வது நடக்கிறது, ஆனால் நாள் தள்ளித் தள்ளிப் போகிறது.

மறுபடி செய்வதானால்

தலைவரை நம்பிக் கூட்டத்தை அமைத்தது தவறு. பதவி மாறினாலும் அதே நாற்காலியில் இருக்கும் ஊராட்சிச் செயலரையும் கேரளப் பஞ்சாயத்துச் செயலரையும் பொறுப்பாளர்களாக எழுதியிருக்க வேண்டும். கோழிக்கழிவுக்குச் சாவடியில் வண்டி நின்ற பிறகு ஓடாமல், இரண்டு மாவட்ட நிர்வாகங்களிடமும் முன்னதாகவே எழுத்தில் கேட்டிருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. 2022 செப்டம்பர் கூட்டத்துக்குப் பணியர் ஊரிலிருந்து யாரையும் நாங்கள் அழைக்கவில்லை. அதிகம் நோய்ப்பட்டவர்கள் அவர்கள், கிணறு அவர்கள் வாசலில். மெம்பர் வந்தால் போதும் என்று நினைத்தோம். 2024 மார்ச்சில் குளோரின் அளவு பார்க்கப் போனபோது, ஊரின் மூத்த பெண்மணி ஒருவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். குழாய் அடைக்கும் ராத்திரிகளில் தண்ணீர் எந்த வழியாக வந்து எந்த மூலையில் கிணற்றுக்குள் இறங்கும் என்று குச்சியால் மண்ணில் வரைந்து காட்டினார். “ஆள்மற கொஞ்சம் பொக்கிக் கெட்டினா மதி” என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாராம். ஆள்மற என்றால் கிணற்றின் கைப்பிடிச்சுவர். அதை உயர்த்திக் கட்டினால் போதும் என்கிறார். வெள்ளம் வந்த மறுநாள் தன் வீட்டில் அந்தத் தண்ணீரைக் குடிக்கவிடவில்லை என்றும் சொன்னார். அவர் வீட்டில் யாருக்கும் காமாலை வரவில்லை.

2024 ஏப்ரலில் கேரளப் பஞ்சாயத்து சுவரை இடுப்பளவுக்கு உயர்த்தி, சுற்றிலும் சரிவாக சிமெண்ட் தளம் போட்டது. நான்கு நாள் வேலை. நாங்கள் செய்தவற்றில் செலவு குறைந்தது அதுதான், கடைசியில் நடந்ததும் அதுதான்.

2025 ஜூனில் மழை பிடித்த பிறகு இரண்டு முறை குழாய் அடைத்தது. இரண்டு முறையும் வாரிக்காரர் எழுந்து எடுத்துவிட்டார். ஒரு முறை தண்ணீர் சாலையைத் தாண்டியது, சுவரைத் தாண்டவில்லை. அந்த வாரம் கிணற்றில் பிடித்த குப்பியை அந்த மூத்த பெண்மணி தன் வீட்டுச் சமையல்கட்டு அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டார். இரண்டாம் நாள் காலையில் நானும் போய்ப் பார்த்தேன். தண்ணீர் கறுக்கவில்லை.